ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் பக்கத்தில் வந்தால் மகள் தடுமாறுகிறாள்

கொட்டாஞ்சேனை அம்மா:
மகளுக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது. ஒழுங்கைகளில் நன்றாகவே ஓட்டுகிறாள். கொழும்பு ஒருகொடவத்தைச் சந்தியில் கொண்டெய்னர் லொறி பக்கத்தில் வந்தால் மட்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கரைக்கு ஒதுங்கிவிடுகிறாள். பழக்கியவர் "பயப்படாமல் போ" என்பதோடு சரி. வேறு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

தெமட்டகொடைத் தம்பி:
ஞாயிறு விடியக் கூட்டிப் போங்கள் அக்கா. லொறி குறைவு.

ட்ரெயிலர்காரன்:
லொறி இல்லாத நேரம் பார்த்துப் போனால் லொறியோடு ஓட எப்போது பழகுவது தம்பி? நான் துறைமுகத்திலிருந்து 40 அடிக் கொண்டெய்னர் இழுப்பவன். அக்கா, பிள்ளை பயப்படுவது பரவாயில்லை, இடது கரைக்கு ஒதுங்குவதுதான் ஆபத்து. நாங்கள் வலப்பக்கம், அதுவும் உயரத்தில் இருக்கிறோம். இடது கதவை ஒட்டி நிற்கும் சின்னக் கார் எங்கள் கண்ணில் படாமலே போகலாம். இடப்பக்கம் திருப்பும்போது முதலில் லொறியின் தலையை, அதாவது முன்பகுதியை, வலப்பக்கம் எடுப்போம், ஏனென்றால் ட்ரெயிலரின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, கரைப்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த நேரம் இடப்பக்கம் இடம் திறந்ததுபோல் தெரியும். ஓட்டோக்காரர்கள் உடனே நுழைவார்கள் (அவர்களுக்குச் சொல்லி வேலையில்லை). மகள் அவர்கள் பின்னால் போகக்கூடாது. பின்சக்கரம் வந்து விழப்போவது அந்த இடத்தில்தான். சிக்னல் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் எங்கள் முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா:
சரி தம்பி. புதிய களனிப் பாலத்து ஏற்றத்தில் பின்னால் நிற்க நேர்ந்தால்?

ட்ரெயிலர்காரன்:
லொறியின் பின்டயர் தரையில் படும் இடம் தெரிகிற அளவுக்குத் தள்ளி நிறுத்தட்டும். பாரத்தோடு எடுக்கும்போது கொஞ்சம் பின்னுக்கு வரலாம். எங்களை முந்தினால் உள்கண்ணாடியில் எங்கள் இரண்டு ஹெட்லைட்டும் தெரிந்த பிறகுதான் முன்னால் வர வேண்டும். வந்ததும் பிரேக் அடிக்கக் கூடாது. வெறும் ட்ரெயிலர்தானே, டக்கென்று நிற்கும் என்று நினைக்காதீர்கள், பாரம் இல்லாவிட்டால் சக்கரம் துள்ளி இழுபட்டுப் போகும்.

தெரிந்த லொறிக்காரர் யாராவது இருந்தால், நிறுத்திய வண்டியில் மகளைச் சாரதி சீட்டில் ஏற்றிவிட்டு நீங்கள் இடப்பக்கமாக நடந்து பாருங்கள். எங்கே மறைகிறீர்கள் என்று அவளே சொல்லட்டும்.

கொட்டாஞ்சேனை அம்மா:
மச்சானுக்குப் பேலியகொடையில் லொறி நிற்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.