5வது மாச ஸ்கேன்ல குழந்தை இதயத்துல வெள்ளைப்புள்ளின்னு வந்திருக்கு, யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?

உசிலம்பட்டி மருமக:
அக்காமாரே ப்ளீஸ் யாராச்சும் சொல்லுங்க. எனக்கு 26 வயசு, மொத குழந்தை, இப்ப 20 வாரம் ஆகுது. நேத்து மதுரையில அனாமலி ஸ்கேன் (குழந்தை உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்குறது) எடுத்தோம், காலைல அரப்பாளையம் வந்து இறங்குனது, குழந்தை குப்புற படுத்திருக்கு முதுகுதான் தெரியுது வெளிய நடந்துட்டு ஏதாச்சும் சாப்ட்டு வாங்கன்னு ரெண்டு தடவ அனுப்பி, நானும் ரெண்டு இட்லி ஒரு பருத்திப்பால்னு குடிச்சிட்டு அந்த தெருவையே சுத்தி சுத்தி வந்து கடைசில மத்தியானம் 2 மணிக்குத்தான் முடிஞ்சது. ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு போட்டு கீழ ஒரு வரி மட்டும் "எக்கோஜெனிக் இன்ட்ராகார்டியாக் ஃபோகஸ், லெஃப்ட் வென்ட்ரிக்கிள்"னு இருக்கு. என்னன்னு கேட்டதுக்கு இதயத்துல சின்னதா வெள்ளைப்புள்ளி, உங்க டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டாங்க. எங்க டாக்டர் திங்கக்கிழமதான் வருவாங்க. பஸ்லயே கூகுள் பண்ணி பாத்தேன், டவுன் சிண்ட்ரோம்னு வருது, புள்ளைக்கு பொறவியிலயே மூளை வளர்ச்சி குறையுமாம், அதுலருந்து சோறு இறங்கல. அத்தை வேற கிரகணத்தன்னிக்கு வெளிய போனல்ல அதான்னு சொல்றாக. வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம செல்ல நோண்டிக்கிட்டு இருக்காரு. இதயத்துல ஓட்டையா இது?

திருமங்கலத்தாள்:
அழாதத்தா மொதல்ல. எனக்கு ரெண்டாவதுக்கு இதே வரிதான் இதே இடது பக்கம்தான், நானும் ரெண்டு நாள் அழுது மூஞ்சி வீங்கிப் போச்சு. டாக்டரம்மா ரிப்போர்ட்ட பாத்துட்டு ஒரு நிமிசம்கூட யோசிக்கல, இதுக்கா அழுத, உன் மொத மூணு மாச டெஸ்ட் நல்லாருக்குல்ல கெளம்புன்னுட்டாங்க. 8வது மாச ஸ்கேன்ல அந்தப் புள்ளியே காணோம். அவன் இப்ப எல்கேஜி போறான், காலைல கெளப்புறதுக்குள்ள எனக்குத்தான் இதயம் நின்னுரும்.

கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அத்தைட்ட சண்டை போடாத, காதுல வாங்காத அவ்வளவுதான்.

ஸ்கேன்ரூம் அக்கா:
நான் டாக்டர் இல்ல, 12 வருசமா ஸ்கேன் ரூம்ல வேலை பாக்குறேன். தினம் ஒருத்தராச்சும் இந்த வரியப் பாத்துட்டு வெளிய பெஞ்சுல அழுதுக்கிட்டு இருப்பாங்க, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

இது ஓட்டை கிடையாதும்மா. இதயத்துக்குள்ள வால்வ இழுத்துப் பிடிக்கிற சின்ன தசை ஒண்ணு இருக்கும், அதுல துளியூண்டு கால்சியம் சேந்தா ஸ்கேன்ல எலும்பு மாதிரி பளிச்சுன்னு வெள்ளையா தெரியும். இதயம் வேலை செய்றதுக்கு அதால ஒரு தொந்தரவும் இல்ல. நல்லா இருக்குற குழந்தைகள்லயே 100க்கு 3லருந்து 5 பேருக்கு இது தெரியும், நம்ம ஆசியாக்காரங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே தெரியும். அப்புறம் ஏன் எழுதுறாங்கன்னா, டவுன் சிண்ட்ரோம் இருக்குற குழந்தைங்ககிட்ட இந்தப் புள்ளி கொஞ்சம் அதிகமா தென்படுது, அதனால இத சாஃப்ட் மார்க்கர்னு ஒரு லிஸ்ட்ல வச்சிருக்காங்க. கழுத்துப் பின்னாடி தோல் தடிமன், மூக்கு எலும்பு, சிறுநீரகம் லேசா வீங்குறது எல்லாம் அதே லிஸ்ட்டுதான், ஆனா எல்லாம் ஒரே எடை கிடையாது, மூக்கு எலும்பு தெரியலன்னா அது பெரிய விஷயம், புள்ளி ஒண்ணு மட்டும் தனியா இருந்தா அது ரொம்ப லேசான விஷயம்.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். 3வது மாசம் என்டி ஸ்கேன் எடுத்தியா, 11லருந்து 14 வாரத்துக்குள்ள குழந்தை கழுத்துப் பின்னாடி இருக்குற நீர அளந்து பாக்குறது? அதோட ரத்தம் எடுத்து டபுள் மார்க்கர்னு ஒரு ரிப்போர்ட் குடுத்திருப்பாங்க. அதுல டவுன் சிண்ட்ரோமுக்கு வாய்ப்பு எவ்வளவுன்னு 1:இவ்வளவுன்னு ஒரு நம்பர் இருக்கும், தேடிப் பாரு.

உசிலம்பட்டி மருமக:
பீரோல இருந்துச்சுக்கா, இப்பத்தான் எடுத்தேன். டபுள் மார்க்கர் லோ ரிஸ்க், 1:4600னு போட்டிருக்கு. என்டி 1.3 எம்எம், மூக்கு எலும்பு தெரியுதுன்னு இருக்கு. இது நல்லதா?

ஸ்கேன்ரூம் அக்கா:
நல்லதுதான். இதே மாதிரி 4600 பேர் இருந்தா அதுல ஒருத்தருக்கு இருக்கலாம்னு அர்த்தம், அந்த 4600 இருக்குற இடத்துல 250 இல்ல அதுக்கும் கீழ வந்தாத்தான் பொதுவா ஹை ரிஸ்க்ன்னு அடுத்த டெஸ்ட் சொல்லுவாங்க. அந்த நம்பரும் இருக்கு, நேத்து மத்தது எல்லாம் நார்மல்னும் போட்டிருக்கு, அப்ப இந்தப் புள்ளிக்காக பனிக்குடத் தண்ணி எடுக்குற டெஸ்ட்டுக்கெல்லாம் பொதுவா அனுப்ப மாட்டாங்க. திங்கக்கிழமை போறப்ப ரெண்டு ரிப்போர்ட்டையும் சேத்து கொண்டு போ, நிறைய பேர் பழசை வீட்லயே வச்சிட்டு வந்திருவாங்க, டாக்டரும் புது பேப்பர மட்டும் பாத்துட்டு இன்னொரு டெஸ்ட் எழுதிருவாங்க.

மேலூர்காரன்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். வீட்ல 4வது மாசம், இந்த ஸ்கேன எப்ப எடுக்கணும், என்ன குழந்தைன்னும் அப்பவே தெரிஞ்சிருமா?

திருமங்கலத்தாள்:
அண்ணே ஆணா பொண்ணான்னு மட்டும் கேக்காதீங்க. 1994 சட்டப்படி குத்தம், சொல்ற டாக்டருக்கும் கேக்குற நமக்கும் 3 வருசம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. ஸ்கேன் சென்டர் வாசல்லயே போர்டு இருக்கும், என்ன குழந்தைன்னு தெரிஞ்சுக்க விரும்பலன்னு ஃபார்ம் எஃப்ல கையெழுத்தும் வாங்குவாங்க. நம்ம பக்கத்து ஊர் உசிலம்பட்டி பேரு ஒரு காலத்துல பெண் சிசுக்கொலைக்காக பேப்பர்ல வந்துச்சே, உங்களுக்குத் தெரியாதா.

வைகைக்கரை அம்மா:
மேலூர் தம்பிக்கு: 18லருந்து 20 வாரத்துக்குள்ள எடுத்திருங்க, தள்ளிப் போடாதீங்க. அதுக்கு முன்ன உறுப்பு எல்லாம் தெளிவா தெரியாது. பின்னாடி போனா, பெருசா ஏதாச்சும் இருந்துச்சுன்னா யோசிச்சு முடிவெடுக்க நாள் இருக்காது, கலைக்கிற முடிவு 24 வாரத்துக்கு மேல போச்சுன்னா மெடிக்கல் போர்டு வரைக்கும் போகணும்.

உசிலம்பட்டி பொண்ணுக்கு: என் மகளுக்கு நெசமாவே இதயக் கோளாறு இருந்துச்சும்மா. புள்ளி இல்ல, இதயத்துலருந்து வர்ற ரெண்டு பெரிய ரத்தக் குழாயும் இடம் மாறி இருந்துச்சு. 5வது மாச ஸ்கேன்லதான் சந்தேகம்னு சொல்லி 23வது வாரம் ஃபீட்டல் எக்கோவுக்கு அனுப்புனாங்க, முக்கா மணி நேரம் இதயத்த மட்டும் பாத்தாங்க. பொறந்த உடனே நீலம் பாரிச்சுரும்னு முன்னாடியே தெரிஞ்சதால பிரசவத்தையே சென்னைக்கு மாத்திக்கிட்டோம், 9வது நாள் ஆபரேஷன். தெரியாம இங்கயே பொறந்திருந்தா அந்தப் புள்ளைய தூக்கிக்கிட்டு எங்க ஓடிருப்போம்னு இப்பவும் ராத்திரி நெனைப்பு வரும். இப்ப அவ 6வது படிக்கிறா, கபடி ஆடுறா.

எதுக்கு சொல்றேன்னா, அப்படி இருந்தா அவங்களே உன்ன உக்கார வச்சு பேசி அடுத்த இடத்துக்கு அனுப்பிருப்பாங்க. ஒரு வரி எழுதிட்டு அடுத்த ஆள கூப்பிட மாட்டாங்க. ஆனா எல்லாமே இந்த ஸ்கேன்ல தெரிஞ்சிரும்னும் நெனைக்காத, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்லயே பாதிப் பேருக்கு கிட்ட இதுல ஒண்ணுமே தெரியாதாம், அதான் 3வது மாச டெஸ்ட்டு முக்கியம்னு எங்க டாக்டர் சொன்னாங்க.

மேலூர்காரன்:
சரிங்கக்கா, தெரியாம கேட்டுட்டேன். 19வது வாரத்துக்கு தேதி வாங்கிர்றேன். 3வது மாச ரத்த டெஸ்ட்டு எடுக்கல, இப்ப எடுக்கலாமா?

ஸ்கேன்ரூம் அக்கா:
அது தாண்டிருச்சு தம்பி. 15லருந்து 20 வாரத்துக்குள்ள குவாட்ரபிள் மார்க்கர்னு இன்னொண்ணு இருக்கு, அடுத்த செக்கப்புலயே கேளுங்க.

உசிலம்பட்டி மருமக:
எல்லாருக்கும் நன்றிக்கா. இன்னிக்கு டாக்டர பாத்தாச்சு, ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் வேணாம், இரும்புச்சத்து மாத்திரைய ஒழுங்கா போடு, 32 வாரத்துல வளர்ச்சி ஸ்கேன் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அத்தைட்ட சொன்னேன். அதுக்குள்ள பாண்டி கோயிலுக்கு கெடா வெட்றதா நேர்ந்துட்டாகளாம், இப்ப புள்ளி போனதுக்கு பாண்டிதான் காரணம்ங்கிறாக, புள்ளி இன்னும் போகல அத்தைன்னு சொன்னா கேக்கல.