மாண்டூ 14 மி.மீ., எக்ஸ்ரே சுத்தம்: உடம்பு ஜெயித்துவிட்டதா?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் டிபி நோயாளிகளின் வீட்டாரைப் பார்க்கப் போனால் இந்தக் கேள்வி தப்பாமல் வருகிறது. ஒரு வீட்டில் அப்பாவுக்குச் சளியில் கிருமி. 19 வயது மகளுக்கு மாண்டூவில் (கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் டிபி தோல் சோதனை) 14 மி.மீ., இருமல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம். சர்க்கரை உள்ள தாத்தாவுக்கு 3 மி.மீ.தான். "பொண்ணுக்குத்தான் எதிர்ப்பு சக்தி இருக்கே, மாத்திரை எதுக்கு? தாத்தாவுக்கு ஒண்ணுமில்லைதானே?" என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி டிபி கிருமியை என்னதான் செய்கிறது? வீட்டில் சொல்லும்படி விளக்குங்கள்.

வங்கக்கரை:
பெண்ணுக்கு 14 என்றால், அவள் உடம்பின் டி செல்கள் (கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள்) இந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கின்றன என்று பொருள். ஒழித்துவிட்டன என்று பொருள் இல்லை.

இருமலில் பறக்கும் நுண்துளி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் செல் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். அமிலமும் செரிக்கும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் அந்தப் பையோடு சேர்ந்தால் கிருமி கரைந்துபோக வேண்டும். டிபி கிருமி அந்தச் சேர்க்கையையே தடுக்கிறது. போதாததற்கு, அது சுரக்கும் ஈசாட்-6 போன்ற புரதங்களின் உதவியால் பையின் சவ்வும் சேதமாகிறது. கொல்ல வந்த செல்லே கிருமிக்குக் குடியிருப்பு.

அடுத்தது தாமதம். ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒரு வாரத்தில் எழும் டி செல் படை, டிபிக்கு எழ 2 முதல் 8 வாரம் ஆகும். வந்த பிறகு சிடி4 என்ற வகை டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டும் புரதத்தைச் சுரந்து மேக்ரோபேஜுக்கு முறுக்கேற்றும். கிருமியைச் சுற்றி கிரானுலோமா என்ற செல் கோட்டை எழும்: நடுவில் தயிர்க்கட்டி போல் செத்த திசு, சுற்றிலும் மேக்ரோபேஜ்கள், வெளியே லிம்ஃபோசைட் (டி செல் போன்ற வெள்ளணு) வளையம். ஆக்சிஜன் குறைந்த அந்த நடுவில் கிருமி பெருகாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தொற்றியவர்கள் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நோயாக மாறும். அதில் பெரும்பகுதி முதல் 2 ஆண்டுக்குள். அந்தப் பெண் இப்போது அந்த 2 ஆண்டில்தான் இருக்கிறாள். நோய் வராமல் தடுக்கும் மாத்திரை அதற்குத்தான்.

கிரானுலோமா கலையாமல் தாங்கிப் பிடிப்பதில் டிஎன்எஃப் என்ற சுரப்புக்குப் பெரிய பங்கு. மூட்டுவாதத்துக்கு அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போடுமுன் டிபி சோதனை கேட்பது இதனால்தான். அந்த ஊசி டிஎன்எஃப்பை அடக்கினால் உள்ளே கிடந்தது வெளியே வரும்.

கோரிமேடு:
வங்கக்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நுரையீரலை ஓட்டையாக்குவதில் பெரும்பங்கு நம் எதிர்ப்பு சக்தியினுடையதே. அழற்சியில் சுரக்கும் நொதிகள் திசுவைத் தாங்கும் கொலாஜன் நாரை அறுத்து, தயிர்க்கட்டி உருகி மூச்சுக்குழலுக்குள் கொட்டும், குழி விழும். குழிக்குள் காற்று தாராளம், கிருமி கோடிக்கணக்கில் பெருகும். குழி விழுந்தவர் அதிகம் பரப்புவது இதனால்தான்.

ஆதாரம் வேண்டுமா? எச்ஐவியில் சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனவருக்கு டிபி வந்தால் எக்ஸ்ரேயில் குழி அரிது. சளி ஸ்லைடிலும் பல நேரம் கிருமி தெரியாது. ஏஆர்டி என்ற எச்ஐவி மருந்தைத் தொடங்கி சிடி4 ஏறும்போது, சில வாரத்தில் காய்ச்சல் அடித்து நெறிக்கட்டி வீங்கும். மருந்து தோற்றுவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். திரும்பி வந்த எதிர்ப்பு சக்தி செய்கிற ரகளை அது. மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே "சக்தி ஏற" என்று லேகியமும் பொடியும் விற்பவர்களை நம்ப வேண்டாம். சோறு, பருப்பு, முட்டை, மீன் என்று வயிறு நிறையச் சாப்பிட்டு எடை ஏறுவது மெய்யாகவே உதவும். உடல் மெலிவு டி செல்களையே வாட்டிவிடும்.

ஆய்வக மேசை:
தாத்தாவின் 3 மி.மீ. பற்றி. முதுமை, மெலிவு, ஸ்டீராய்டு, எச்ஐவி இருந்தால் தொற்று இருந்தும் தோல் தடிக்காது. தொற்றிய முதல் வாரங்களிலும் அப்படித்தான். நோயாளியோடு கடைசியாக நெருங்கிப் பழகி 8 முதல் 10 வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஊசி போட்ட விதத்தையும் விசாரியுங்கள். 0.1 மி.லி. தோலுக்குள்ளேயே போய், அந்த இடத்திலேயே 6 முதல் 10 மி.மீ. வெளுத்த கொப்புளம் எழ வேண்டும். எழவில்லை என்றால் மருந்து தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது. புட்டி 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போய்விட்டால் இதுதான் முதல் பலி. 48 முதல் 72 மணிக்குள் படிக்க வேண்டும். சிவப்பை அளக்காதீர்கள். பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்ல இழுங்கள். முனை தட்டி நிற்கும் இடம்தான் ஓரம். எதிர்ப்பக்கமும் அப்படியே செய்து, கைக்குக் குறுக்காக அளக்க வேண்டும்.

கெடிலக்கரை:
நன்றி. பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டதால்தான் அந்த 14 என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்களே?

ஆய்வக மேசை:
பிறந்தவுடன் போட்ட பிசிஜியின் தாக்கம் 19 வயதில் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். சந்தேகம் என்றால் இக்ரா ரத்தச் சோதனை. அதில் டி செல்களைத் தூண்டிப் பார்க்கப் பயன்படும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்கள் இரண்டும் பிசிஜி கிருமியில் கிடையாது. பிசிஜி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் டிபியிலிருந்து காக்கும். பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்பது 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

வங்கக்கரை:
மாத்திரைக்கு முன் இருவருக்கும் நோய் இல்லை என்று உறுதியாக வேண்டும். வாரம் ஒருமுறை, 12 வாரம் தரும் ஐசோனியாசிட்–ரிஃபாபென்டின் என்றால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாத்தாவுக்கும் அதைத் தர முடிவானால், கிளிமிபிரைட் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ரிஃபாபென்டின் அதன் வேகத்தைக் குறைக்கும், சர்க்கரை ஏறும்; முதல் வாரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.