45 வீடுகள் சேர்ந்து வாங்கும் சாமை, பருப்பு, எண்ணெய்: கூட்டுறவுக் கடையாக மாற்றலாமா?

மலையடிவாரம்:
வணக்கம். திருப்பத்தூர் பக்கம் 45 குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் சேர்த்து, மாதம் ஒருமுறை ஜவ்வாது மலைச் சாமை, கேழ்வரகு, துவரம்பருப்பு, செக்குக் கடலை எண்ணெய் வாங்குகிறோம். வீட்டுக்குச் சராசரியாக 1,500 ரூபாய் ஆகிறது. இதைப் பதிவு செய்து தினமும் திறக்கிற கடையாக நடத்தலாமா? சாமை அரிசியில் வண்டும் காறல் வாடையும் வருகிறதே, எப்படித் தடுப்பது? உறுப்பினர்களில் சர்க்கரை நோயாளிகள் நிறைய. அவர்களுக்காக இன்னும் என்ன சரக்கு சேர்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:
தினக்கடை இப்போது வேண்டாங்க. கணக்கைப் பாருங்கள். 45 வீடு × 1,500 = 67,500 ரூபாய் விற்பனை. அடக்க விலைக்கு மேல் 12 சதவீதம் வைத்தால் கையில் நிற்பது சுமார் 7,200. வாடகையும் ஆள் கூலியும் அதில் அடங்காது. வாரம் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம் திறங்கள். உறுப்பினர்களே முறை வைத்து எடை போடட்டும். 150 வீடு சேர்ந்து மாதம் 24,000 மிஞ்சும்போது சம்பளத்துக்கு ஆள் வைப்பதைப் பேசலாம்.

அடக்க விலையில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறுகின்றன. கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். உமியோடு சாமை 100 கிலோ, கிலோ 40 வீதம் 4,000. உமி நீக்கும் கூலி 600, வண்டி 200. மொத்தம் 4,800. அரிசியாக வருவது 60 கிலோதான். கல், தூசி, சில்லறை எடையில் போகிறது கழித்தால் விற்கக் கிடைப்பது 58. ஆக அடக்கம் கிலோ 83, விற்பனை 93. இந்த 40 கிலோ உமி தவிட்டை மறந்து விலை போட்ட கடை சில மாதத்தில் மூலதனத்தையே தின்றுவிடும்.

பதிவைப் பொறுத்தவரை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உங்களுக்கு ஒத்துவராது. அதில் விளைவிப்பவர்கள்தான் உறுப்பினராக முடியும். சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்தால் லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. வாங்குவோர் நடத்தும் கடைக்குப் பொருத்தமானது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். குறைந்தது 25 பேர், வெவ்வேறு குடும்பத்தினராக வேண்டும். கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் மாதிரித் துணைவிதி (சங்கம் தனக்கென எழுதிக்கொள்ளும் விதிகள்) கேளுங்கள்.

கடனுக்கு விற்பது மட்டும் கூடவே கூடாது. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கடை கலப்படமில்லாத மாவு, வெண்ணெய், சர்க்கரையைச் சந்தை விலைக்கு, ரொக்கத்துக்கு மட்டுமே விற்றது. ஆண்டு மிச்சத்தை அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி திருப்பிக் கொடுத்தது. நம்மூரில் 1904-லேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. ரொக்கம் இல்லாத ஏழை வீட்டை விட்டுவிடாதீர்கள்: 2,000 ரூபாய்ப் பங்கை மாதம் 100 வீதம் கட்டலாம் என்று துணைவிதியில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் தவணை கட்டியதுமே சரக்கு வாங்கும் உரிமையும் ஓட்டும் உண்டு என்பதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்று அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள்.

உமியும் தவிடும்:
வண்டும் காறலும் வேறு வேறு கோளாறு. சாமையை உமியோடு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. உமி நீங்கியதும் தவிட்டில் உள்ள எண்ணெய்ப்பசை காற்றில் பட்டுக் காறுகிறது. அதனால் ஆண்டுத் தேவையை உமியோடு வாங்கி வையுங்கள். ஒரு மாத ஆர்டர் அளவுக்கு மட்டும் ஆலையில் உமி நீக்கக் கொடுங்கள். வெள்ளையாகத் தீட்டினால் நாள் தாங்கும், ஆனால் நார்ச்சத்து தவிட்டோடு போய்விடும். ஒரே ஓட்டம் போதும் என்று ஆலையில் சொல்லுங்கள். பழுப்பாக, அங்கங்கே உமி ஒட்டிய மணியோடு வரும், புடைத்துக்கொள்ளலாம்.

வண்டுக்கு: தானியத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கணும். ஈரமானி இல்லையென்றால் கடித்துப் பாருங்கள், 'டக்'கென்று உடையணும். நசுங்கினால் மறுபடி காயவைக்கணும். காய்ந்த சூட்டோடு மூட்டை கட்டாதீர்கள். உள்ளே வியர்த்து, ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஆறவிட்டு, சாயங்காலம் கட்டுங்கள். மூட்டை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கட்டும். பழைய சாக்கின் தையலில்தான் முட்டை ஒளிந்திருக்கும். வெந்நீரில் முக்கிக் காயப்போடாமல் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. காற்றுப் புகாத உள்ளுறைப் பை நல்லது, உள்ளே இருக்கிற பூச்சி மூச்சு முட்டிச் சாகும். ஆனால் அதைத் தினம் திறந்து அள்ளினால் பயனே இல்லை. விற்பனைக்குத் தனி டப்பா வையுங்கள்.

தானியத்தில் வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் ஆளைக் கொல்லும் வாயு; வீட்டோடு ஒட்டிய கிடங்கில் அதற்கு இடமே இல்லை.

எண்ணெய்க்கு ஒரு சோதனை: மரச்செக்கில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு போகும். பருப்பு கிலோ 130 விற்கும்போது பருப்புக்கே 325 ஆகிறது. புண்ணாக்குக் காசைக் கழித்தாலும் 200 ரூபாய்க்கு யாராலும் சுத்தமான எண்ணெய் தர முடியாது.

கீரைக்கட்டு:
மூன்றாவது கேள்விக்கு. சிறுதானிய லட்டு, நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி மிட்டாய் இவற்றை அடுக்கிவிட்டு ஆரோக்கியக் கடை என்று பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை நோயாளிக்கு நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். சாமைச் சோறும் மாவுச்சத்துதான். அளவு குறைந்து, பக்கத்தில் பருப்பும் காயும் கூடினால்தான் பலன். மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் முழு மணியை வேகவைத்துச் சாப்பிடுவதைவிடச் சர்க்கரை வேகமாக ஏறும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 (அசைவம் உண்போர் முட்டை, மீன், கறியையும் இதிலேயே சேர்க்கலாம்), காய் கீரை 400 என்று இருக்கிறது. நாலு பேர் வீட்டுக்குக் கணக்கிட்டால் மாதம் பருப்பு பயறு 10 கிலோ, காய்கறி 48 கிலோ. உங்கள் ஆர்டர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்துச் சேர்க்க வேண்டியது கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு, காய்கறி.

காய்கறியை முன்பதிவுக்கு மட்டும் வாங்குங்கள். முந்தின நாள் மாலை ஆர்டர், விடியலில் அறுத்த கீரை ஈரச்சாக்கில், பத்து மணிக்குள் விநியோகம். கடையில் அடுக்கி வைத்து விற்கத் தொடங்கினால் வாடுகிறது உங்கள் 12 சதவீதத்தை விழுங்கிவிடும்.

விவசாயிக்கும் இதே முன்பதிவு உதவும். 45 வீடு மாதம் 4 கிலோ சாமை அரிசி எடுத்தால் வருடத்துக்கு உமியோடு 3,600 கிலோ. ஏக்கருக்கு 500 கிலோ விளைந்தால் ஏழு ஏக்கருக்குச் சற்று மேல். விதைக்கும் முன்பே அளவையும் விலையையும் எழுதிக் கொடுத்து, கால் பங்கு முன்பணம் கொடுத்தால் அவர் சாமையை விட்டு மரவள்ளிக்கு மாறத் தயங்குவார்.

மலையடிவாரம்:
மிக்க நன்றி. கம்பு மாவு கேட்கிறார்கள். அரைக் கிலோ பாக்கெட் போட்டு வைக்கலாமா?

உமியும் தவிடும்:
வேண்டாங்க. கம்பு மாவு பெரும்பாலான மாவை விடச் சீக்கிரம் காறும். ஒரு வாரம் பத்து நாளிலேயே கசப்புத் தட்டும். கம்பாகவே விற்று, திறக்கிற நாளில் கேட்பவருக்கு மட்டும் அரைத்துக் கொடுங்கள். ஒருவர் ஒரு கிலோவுக்கு மேல் எடுத்தால் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

பேரேடு:
பாக்கெட்டில் இன்னொரு சிக்கல்: 2022 ஜூலை 18 முதல் முன்கூட்டியே பொதிந்து பெயர்ச்சீட்டு ஒட்டிய தானியம், பருப்பு, மாவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். உறுப்பினர் கண்முன் நிறுத்து, அவர் கொண்டுவந்த பையில் போட்டால் அது இல்லை. தராசுக்கு மட்டும் உரிய காலத்தில் அரசு முத்திரை வாங்கிவிடுங்கள்.