வீட்டு குரூப்ல ஒரு ஸ்டேஷனரி பஞ்சாயத்து

அக்கா: யாராச்சும் இருக்கீங்களா. ஆபீஸ்ல மானம் போச்சு எனக்கு

நான்: என்னாச்சுக்கா

அக்கா: பேனா பேப்பர்லாம் வைக்கிற ரூமுக்கு போர்டு வேணும்னாங்க, நான்தான் இங்கிலீஷ்ல ஸ்டேஷனரி ரூம்னு டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி கதவுல ஒட்டினேன், இன்னிக்கு வந்து பாத்தா அதுக்கு கீழ யாரோ பென்சில்ல "நல்லவேளை, இல்லேன்னா ரூம் ஓடிப் போயிருக்கும்"னு எழுதி வச்சிருக்காங்க. அர மணி நேரம் ஒண்ணுமே புரியல

அத்தான்: 😂😂😂

அத்தான்: சாரி கை பட்ருச்சு

நான்: எனக்கும் புரியல. போர்டுல என்ன தப்பு

அக்கா: கடைசில ஆர் ஒய்க்கு முன்னாடி ஏ போட்டுட்டேன்டா. ஈ வரணுமாம். ஸ்பெல் செக்ல சிவப்பு கோடு கூட காட்டல அந்த கம்ப்யூட்டர்

சித்தப்பா: எப்படிம்மா காட்டும். ரெண்டுமே நெஜமான வார்த்தைதானே. ஏ போட்டா நகராம நிக்கிறதுன்னு அர்த்தம், ஈ போட்டா எழுதுபொருள், பேப்பர் கவர் பேனா குண்டூசி எல்லாம். நீ ஒட்டினது நகராத ரூம். காதுல கேட்டா ரெண்டும் ஒண்ணுதான், தமிழ்ல எழுதினா கண்ணுக்கும் ஒண்ணுதான், அதான் படிச்சவங்களே வழுக்கி விழறாங்க

நான்: அப்போ வீட்டுக்குள்ள மிதிக்கிற சைக்கிள ஸ்டேஷனரி பைக்னு சொல்றாங்களே அது?

சித்தப்பா: ஏ. எவ்ளோ மிதிச்சாலும் நின்ன எடத்துலதான நிக்குது

அத்தான்: எங்க வீட்ல இருக்கறது டபுள் ஸ்டேஷனரி சித்தப்பா, யாரும் ஏறுறதே இல்ல, துணிதான் காயுது

அக்கா: அது யாருக்கு வாங்கினதுன்னு சொல்லட்டா குரூப்ல

அக்கா பையன்: ஃபிசிக்ஸ்ல ஸ்டேஷனரி வேவ்ஸ் வருது மாமா அதுவும் ஏ தான், தமிழ் மீடியம் புக்ல நிலை அலைன்னு இருக்கும். ஜியோஸ்டேஷனரி சாட்டிலைட்டும் ஏ. காமெடி என்னன்னா அது நிக்கவே நிக்கல, பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல செகண்டுக்கு 3 கிலோமீட்டருக்கு மேல பறக்குது, பூமி ஒரு சுத்து முடிக்கிற நேரத்துலயே அதுவும் ஒரு சுத்து முடிக்கிறதால நமக்கு ஒரே எடத்துல தொங்குற மாதிரி தெரியுது

அக்கா: இவ்ளோ தெரியுது மார்க் மட்டும் ஏன்டா வரமாட்டேங்குது

அக்கா: சித்தப்பா இன்னொண்ணு, மாசா மாசம் லிஸ்ட்ல ஸ்டேஷனரீஸ்னு எழுதி அனுப்புறேனே அது சரியா

சித்தப்பா: அய்யோ. அதுக்கு பன்மையே கெடயாதும்மா, ஃபர்னிச்சர் மாதிரி. ஸ்டேஷனரி ஐட்டம்ஸ்னு வேணா எழுதிக்கோ

அக்கா: மூணு வருஷமா எழுதுறேன் 🙈

சித்தப்பா: இதுல கூத்து என்னன்னா ரெண்டுக்கும் பாட்டி ஒருத்திதான். லத்தீன்ல ஸ்டாரேன்னா நிக்கிறது, நம்ம ஸ்தானம் கூட அந்த வேர் வழி சொந்தம்தான். அந்த காலத்துல ஐரோப்பால சரக்க தோள்ல தூக்கிட்டு ஊர் ஊரா அலஞ்சு விக்கிறவங்க ஒரு பக்கம், யூனிவர்சிட்டி பக்கத்துல ஒரே எடத்துல கடை போட்டு புக்கு விக்கிறவன் இன்னொரு பக்கம், இவன் நகரமாட்டான்ல அதனால ஸ்டேஷனர்னு பேரு. லண்டன்ல 1403லயே இவங்களுக்கு சங்கம் இருந்துச்சு, 1557ல ராஜ சாசனமே வாங்கிட்டாங்க. ஸ்டேஷனர் விக்கிற சாமான் ஸ்டேஷனரி. ஸ்டேஷனர்ல ஈ ஆர் இருக்கா, அது பின்னாடி ஒரு ஒய் சேரு, முடிஞ்சுது. பேக்கர் பேக்கரி மாதிரி

அத்தான்: அப்போ பேப்பர் பேனாக்கும் நகராதவன் பேருதானா. அந்த பென்சில் பார்ட்டி அரைகுறைதான், நீ தைரியமா இரு

நான்: சித்தப்பா நல்லாத்தான் இருக்கு ஆனா எனக்கு நாளைக்கே மறந்துரும்

அம்மா: காலங்காத்தால ஏ ஈ ஏ ஈ ன்னு என்ன ஃபோன் கத்திக்கிட்டே இருக்கு

நான்: அம்மா ஒண்ணும் இல்ல, ஏ போட்டா நிக்கிறது ஈ போட்டா பேப்பர், எது எதுன்னு கொழப்பம்

அம்மா: இதுல என்ன கொழப்பம். ஏ நில்லுன்னா நிக்கும். ஈ பேப்பர்ல வந்து உக்காரும்

நான்: 😮

சித்தப்பா: அண்ணி! நான் அரை பக்கம் டைப் பண்ணேனே

அக்கா பையன்: பாட்டி மாஸ். சின்ன தாத்தா அவுட்

அம்மா: பாப்பா நீ சாப்டியா

அக்கா: இரும்மா போர்ட சரி பண்ணிட்டு வரேன். திரும்ப லேமினேட் பண்ணா இன்னும் நாலு பேருக்கு தெரியும், ஒரு துண்டு பேப்பர்ல ஈ எழுதி ஏ மேல ஒட்டிட்டு வந்துடறேன்

அக்கா: ஆச்சு. பாருங்க (போட்டோ)

நான்: சூப்பர்க்கா

அக்கா பையன்: அம்மா

அக்கா: என்னடா

அக்கா பையன்: அந்த வார்த்தைல ரெண்டு ஏ இருக்கு. நீ மொத ஏ மேல ஒட்டிருக்க

அத்தான்: 😂😂😂 இந்த தடவ கை படல

அக்கா: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)