புதுப்பிப்பு: கலிபோர்னியா நண்பரின் தந்தைமை வழக்கு

அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைக்கு வேறொருவரைத் தந்தை என்று சிறார் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான், பெற்ற தந்தையான நண்பருக்கு விஷயமே தெரிந்தது என்று எழுதியிருந்தேன். டி.என்.ஏ. பொருந்தினால் போதாதா என்று பலர் கேட்டீர்கள். போதாது. பெற்ற தந்தை என்பதை மட்டும் வைத்து, குழந்தையோடு சேர்வதற்கான சேவைகளை (ஆலோசனை, பெற்றோர் பயிற்சி போன்றவை) உரிமையாகக் கேட்க முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம், வழக்கறிஞர் ஜேவி-180 படிவத்தில் (சிறார் நீதிமன்ற உத்தரவை மாற்றக் கேட்கும் படிவம்) மனு போட்டிருக்கிறார். சூழ்நிலை மாறியிருக்கிறது, உத்தரவை மாற்றுவது குழந்தைக்கு நல்லது என்று இரண்டையும் காட்ட வேண்டும். இரண்டாவதுதான் இடிக்கிறது. வாராவாரம் பார்க்க வரும் அந்த இன்னொருவரைத்தான் குழந்தை அப்பா என்கிறது (அவரும் நல்ல மனிதர்தான், பாவம்). 2014 முதல் இரண்டு பேருக்கு மேல் பெற்றோராக ஏற்கவும் அங்கே சட்டம் உண்டு. ஆனால் இருவரோடு நிறுத்தினால் குழந்தைக்குப் பாதகம் என்று நிரூபிக்க வேண்டும். விசாரணை முடிந்ததும் எழுதுகிறேன்.