வில்சன் பிக்கெட் பாடிய 'ஹே ஜூட்': கடைசியில் அப்படி என்ன நடக்கிறது?

நிலவன்:

பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். பால் மெக்கார்ட்னி பியானோவோடு தனியாகத் தொடங்குவது, ட்ரம்ஸ் நிதானமாக வந்து சேருவது, முடிவில் பெருங்கூட்டம் சேர்ந்து 'நா நா நா' பாடுவது எல்லாம் கண்ணை மூடினாலே காதில் ஓடும்.

இப்போதுதான் அதே பாட்டை அமெரிக்க சோல் பாடகர் வில்சன் பிக்கெட் பாடிக் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டில் வேர்விட்ட அந்த சோல் இசையில் எனக்கு அவ்வளவாகப் பழக்கம் கிடையாது. முதல் பாதியில் குரல் கரகரவென்று இருந்தாலும் பாட்டு பழகின வழியிலேயே போகிறது. இரண்டே முக்கால் நிமிடம் வாக்கில் ஓர் அலறல். அந்த நொடியிலிருந்து ட்ரம்ஸ், ஹார்ன் (ட்ரம்பெட், சாக்ஸஃபோன் மாதிரி ஊதுகருவிகள்), கிடார் எல்லாம் வேறு ஒரு பாட்டுக்குள் புகுந்துவிடுகின்றன. முக்கியமாக அந்தக் கிடார்! பிக்கெட் கத்தக் கத்த அது இன்னும் மேலே ஏறுகிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

என் நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். 'அருமையான பாட்டு, கத்தியே கெடுத்துட்டான்' என்றார். இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, ஆனால் ஏன் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிடார் யார்? அந்த இடத்தில் இசையில் என்னதான் நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆறாம் தந்தி:

நிலவன், உங்கள் காது சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. நான் கிடார் வாசிப்பவன். இந்தப் பதிவைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கிடார் வாசித்தவர் டுவேன் ஆல்மன். பதிவான இடம் அலபாமா மாநிலத்தில் மசில் ஷோல்ஸ் என்ற சிற்றூரில் உள்ள ஃபேம் ஸ்டூடியோ. ரிக் ஹால் நடத்தியது. காலம் 1968 நவம்பர். டுவேனுக்கு அப்போது 22 வயது. லாஸ் ஏஞ்சலீசில் அவரும் தம்பி கிரெக்கும் இருந்த 'அவர் கிளாஸ்' இசைக்குழு எடுபடாமல் போய், ஏதாவது ஒரு பதிவில் வாசிக்க வாய்ப்புக் கிடைக்காதா என்று ஃபேமுக்கு வந்து சேர்ந்திருந்தார். பெயர் வெளியே யாருக்கும் தெரியாது.

பிக்கெட் அதற்கு முன்பே பெரிய ஆள். 'லேண்ட் ஆஃப் 1000 டான்சஸ்', 'மஸ்டங் சாலி' இரண்டும் இதே ஃபேமில் பதிவானவை. இந்த முறை அவருக்குப் பாட்டு போதவில்லை. எதைப் பாடலாம் என்று பேச்சு வந்தபோது 'ஹே ஜூட்' பாடுங்கள் என்று சொன்னது டுவேன்தான். ரிக் ஹாலுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பட்டதில் நியாயமும் உண்டு. பீட்டில்ஸ் அந்தப் பாட்டை வெளியிட்டது ஆகஸ்ட் கடைசியில். அமெரிக்காவில் தொடர்ந்து 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. நவம்பரிலும் வானொலியைத் திருகினால் அதுதான். ஓடிக்கொண்டிருக்கிற பாட்டை எடுத்து மறுபடி ஏன் பாட வேண்டும்? டுவேன் விடவில்லை. அதனால்தான் பாட வேண்டும் என்று வாதாடியிருக்கிறார்.

மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய நேரத்தில் பிக்கெட்டும் டுவேனும் மட்டும் ஸ்டூடியோவிலேயே தங்கிவிட்டார்கள், அப்போதுதான் இந்தப் பேச்சு வந்தது என்று ரிக் ஹால் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1968இன் அலபாமாவை நினைத்துப் பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது அதே வருஷம் ஏப்ரலில். அந்த ஊர் உணவகத்தில் கறுப்பினப் பாடகர் ஒருவர் வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்தாலும் முறைப்பார்கள், தோள்வரை முடி வளர்த்த பையன் போனாலும் முறைப்பார்கள். அந்த இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேசியதில் பிறந்தது நீங்கள் கேட்ட பதிவு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பீட்டில்ஸின் பாட்டு எஃப் மேஜரில் இருக்கிறது, அதாவது நம் சட்ஜம் மாதிரி எஃப்தான் அதற்கு ஆதார ஸ்வரம். கடைசியில் வரும் 'நா நா நா' பகுதிக்கு எஃப், இ ஃபிளாட், பி ஃபிளாட், மறுபடி எஃப் என்று கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின்) ஒரே சுற்று. இதில் சி கார்டு கிடையாது. மேற்கத்திய இசையில் பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து முடித்துவைப்பது வழக்கமாக அந்தக் கார்டுதான், எஃபிலிருந்து எண்ணினால் ஐந்தாவது. அது இல்லாததால் இந்தச் சுற்று முடிந்தே ஆக வேண்டும் என்று காது கேட்பதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம். பீட்டில்ஸ் நான்கு நிமிடம் சுற்றினார்கள். 36 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஒலியை மெல்லக் குறைத்துத்தான் வெளியே வர முடிந்தது.

அந்த இ ஃபிளாட்டைக் கவனியுங்கள். எஃப் மேஜர் ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) அந்த ஸ்வரமே இல்லை, அங்கே இருக்க வேண்டியது இ. அரை ஸ்வரம் தாழ்ந்து நிற்கும் இந்த ஏழாவது ஸ்வரம் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைக்குச் சொந்தமானது. ப்ளூஸ் வாசித்துப் பழகிய கைக்கு இந்தச் சுற்றைக் கொடுத்தால் அது எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். அதாவது, டுவேன் வெளியிலிருந்து எதையோ கொண்டுவந்து பாட்டின் மேல் ஒட்டவில்லை. மெக்கார்ட்னி எழுதின கார்டுகளுக்குள்ளேயே ப்ளூஸ் இருந்தது. லண்டனில் பதிவானபோது அது கூட்டத்தின் குரலுக்கு அடியில் போய்விட்டது, மசில் ஷோல்ஸில் மேலே வந்தது. உங்கள் நண்பருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

இன்னொன்று. பீட்டில்ஸின் முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒன்றையே பாடுகிறார்கள். இங்கே முன்னால் நிற்பது இரண்டு பேர்தான், ஒரு குரலும் ஒரு கிடாரும். கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட்டதும் வயலின்காரர் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பாரே, அந்த மாதிரி. ஆனால் டுவேன் பிக்கெட் முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. அலறல் இன்னும் அடங்காதபோதே கிடார் அதன் மேல் ஏறிவிடுகிறது. அதைக் கேட்டு பிக்கெட் இன்னும் உயரே போகிறார். பின்னால் ராஜர் ஹாக்கின்ஸின் ட்ரம்ஸை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். முதல் பாதியில் அடக்கி வாசித்த மனிதர், அலறலுக்கு அப்புறம் கையைத் திறந்துவிடுகிறார். ஆனாலும் வேகம் பிசகாது. அந்த உறுதி இருப்பதால்தான் மற்ற இருவரும் அப்படிப் பறக்க முடிகிறது.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் இதைக் கேட்டு ஆடிப்போய், கடைசியில் கிடார் வாசிப்பது யார் என்று உடனே விசாரித்திருக்கிறார். 1970இல் மயாமியில் கிளாப்டனின் 'லைலா' ஆல்பப் பதிவுக்கு டுவேன் வந்து சேர்ந்தபோது, கிளாப்டனுக்கு அவரை ஏற்கெனவே இந்த முடிவுப் பகுதி வழியாகத் தெரியும். 1971 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தார். 24 வயது. அதை நினைக்காமல் இந்தப் பாட்டை என்னால் கேட்க முடிவதில்லை.

மேகலா:

ஆறாம் தந்தி அண்ணா கிடார் பக்கத்தை முழுசாகச் சொல்லிவிட்டார். குரலுக்காக நான் கொஞ்சம் பேசுகிறேன், ஏனென்றால் 'கத்தல்' என்ற சொல் எனக்கு வலிக்கிறது.

பிக்கெட் அலபாமாவில் பிராட்வில் என்ற ஊரில் 1941இல் பிறந்தவர். பதின்ம வயதில் டெட்ராய்ட்டுக்குப் போய் 'வயலினேர்ஸ்' என்ற காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) குழுவில் பாடினார். கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவருக்கு அலறல் என்பது கட்டுப்பாடு இழப்பதல்ல, பாட்டில் ஒரு படி. சொற்கள் போதாத இடத்தில் அது வரும். எப்போது வர வேண்டும் என்பதும் பாடுபவருக்குத் தெரியும். அதைத்தான் நிலவன் கேட்டிருக்கிறார்: இரண்டே முக்கால் நிமிடம் அந்த மனிதர் பிடித்து வைத்திருந்தார்.

நிலவன், ஒரு பியானோவோ கீபோர்டோ பக்கத்தில் இருந்தால் அந்த அலறலை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, எந்தக் கட்டையில் நிற்கிறது என்று தேடிப் பாருங்கள். நின்று பிடிக்கும் ஸ்வரம் ஒன்று கிடைக்கும். கரகரப்பு எல்லாம் அந்த ஸ்வரத்தைச் சுற்றி இருக்கிறது, ஸ்வரத்துக்குப் பதிலாக இல்லை. வெறும் கத்தல் இப்படி நிற்காது. உங்கள் நண்பரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடுங்கள்.

பாட்டின் பொருளும் இதில் சேருகிறது. மெக்கார்ட்னி இதை எழுதத் தொடங்கியது சக பீட்டில் ஜான் லெனனின் மகன் ஜூலியனை நினைத்து. தாயும் தகப்பனும் பிரிகிறார்கள், பையனுக்கு 5 வயது. பெரியவர் ஒருவர் குழந்தையிடம் மெதுவாகப் பேசும் ஆறுதல் அது. பிக்கெட் பாடும்போது எனக்குக் குழந்தை தெரியவில்லை. அடிபட்டு உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதன் ஒருவனின் இரண்டு தோளையும் பிடித்து 'எழுந்திருடா' என்று உலுக்குகிற மாதிரி இருக்கிறது. அதுவும் ஆறுதல்தான். எனக்கு வாழ்க்கையில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

பழைய ரெக்கார்டு:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முடிவுப் பகுதியைப் பற்றி மறுபேச்சு இல்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டே முக்கால் நிமிடம்? சரணங்களில் பிக்கெட் அசலின் தடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. அங்கே மெக்கார்ட்னிதான் மேல். தனிப் பியானோவும் தனிக் குரலுமாக அவர் தொடங்கும்போது இருக்கும் நெருக்கம் இதில் இல்லை.

ராக் பாட்டை சோல் பாடகர் எடுத்து ஆளுவது என்றால் எனக்கு ஓடிஸ் ரெட்டிங்கின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' தான் முதலில். 1965 ஜூலையில் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் பதிவானது. அப்போது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அசலும் புத்தம் புதுசு. அந்தப் பாட்டின் அடையாளமே ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) போட்ட கிடாரில் கீத் ரிச்சர்ட்ஸ் வாசிக்கும் வரி. ஓடிஸ் பதிவில் அந்த வரி ஹார்ன்களுக்குப் போய்விட்டது. இதில் அழகு என்னவென்றால், அந்த இடத்தில் ஹார்ன்தான் வரப்போகிறது என்று நினைத்து, அதற்கு ஒரு முன்மாதிரியாகத்தான் கீத் அந்தக் கிடாரை வாசித்து வைத்தார். ஸ்டோன்ஸ் அதை அப்படியே வெளியிட்டுவிட்டார்கள். கீத் மனசில் கேட்ட பாட்டை ஓடிஸ்தான் முழுசாகப் பாடினார் என்பேன். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை அது அவருடைய பாட்டு. பிக்கெட்டுடையதில் பாதிதான் பிக்கெட்டுடையது.

ஆறாம் தந்தி:

ஓடிஸ் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் பிக்கெட்டின் முதல் பாதியை நீங்கள் சொல்கிற மாதிரி விட்டுவிட முடியாது. சரணங்களில் ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் டுவேன் இரண்டு மூன்று ஸ்வரம் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார். அந்தச் சின்னச் சின்னப் பதில்களில்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழகிக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் கடைசியில் அப்படிச் சேர்ந்து ஏறியிருக்க முடியாது. அடக்கமாகப் போகிற அந்த இரண்டே முக்கால் நிமிடத்தை வெட்டிவிட்டு முடிவை மட்டும் போட்டுப் பாருங்கள், பாதி பலம் போய்விடும்.

விற்பனையும் கைவிடவில்லை. அசல் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற கையோடு வந்தும், பிக்கெட்டுடையது அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 23ஆம் இடம் வரை போனது. ரிக் ஹாலின் பயம் வீண்தான்.

நிலவன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது.

ஹெட்போன் போட்டு மறுபடி கேட்டேன். ஆறாம் தந்தி சொன்ன அந்தச் சின்னப் பதில்கள் இப்போது காதில் விழுகின்றன. குரல் மூச்சு வாங்கும் இடைவெளியில் கிடார் வந்து போகிறது. மேகலா, அலறல் நிற்கும் ஸ்வரத்தை நண்பரோடு சேர்ந்து கீபோர்டில் தேடினோம். கிடைத்ததும் அவர் கொஞ்ச நேரம் அந்தக் கட்டையையே அழுத்திக்கொண்டிருந்தார். 'எனக்கு இன்னும் பீட்டில்ஸ்தான் பிடிக்கும், ஆனா கெடுத்துட்டான்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்' என்றார். எனக்கு அது போதும்.

பழைய ரெக்கார்டு ஐயா, ஓடிஸையும் கேட்டேன். அந்த ஹார்ன் வரி பிரமாதம். ஆனால் என் மனசு பிக்கெட்டிடம்தான் போகிறது. முன்னமே தெரிந்த வழியில் நடந்து போய்க்கொண்டிருக்கும்போது பாட்டு திடீரென்று திறக்கிறதே, அந்த அனுபவம் எனக்கு வேண்டியிருக்கிறது.

டுவேன் ஆல்மன் இதே போல வேறு சோல் பாடகர்களோடு ராக் பாட்டு எதற்காவது வாசித்திருக்கிறாரா?

ஆறாம் தந்தி:

வாசித்திருக்கிறார். அரீதா ஃபிராங்க்ளின் பாடிய 'தி வெயிட்' கேளுங்கள், 1969இல் வந்தது. அசல் 'தி பேண்ட்' குழுவினுடையது, அதை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். பிக்கெட் பதிவில் டுவேன் விரலாலேயே தந்தியை அழுத்தி வாசித்தார். இதில் ஸ்லைடு, அதாவது விரலில் மாட்டிய சிறு குழாயைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பது. முதல் சில நொடியிலேயே யார் என்று தெரிந்துவிடும்.

மேகலா:

அரீதாவுக்குப் போகிறீர்கள் என்றால் அவருடைய 'எலினோர் ரிக்பி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள் நிலவன். பீட்டில்ஸ் அந்தப் பெண்ணைத் தூரத்தில் நின்று பார்த்துப் பாடினார்கள். அரீதா 'நான்தான் எலினோர் ரிக்பி' என்று பாடுகிறார். நண்பரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.