எஞ்சின் யாருடையது? பிள்ளைகளோடு ரயில் ஓட்டிய அனுபவங்கள்

வில்லிவாக்கம் அப்பா

லண்டனில் இருக்கும் மச்சான் போன ஆடியில் ஊருக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஒரு பழைய ரயில் செட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நாலே சக்கரம் உள்ள குட்டி நீராவி எஞ்சின், இரண்டு பெட்டி, எட்டு வளைவுத் துண்டு, ஒரு கன்ட்ரோலர். 1:76 அளவு, அதாவது நிஜ ரயிலில் 76-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என் எட்டு வயது மகளுக்கென்றுதான் கொடுத்தார். அன்று இரவு தூங்காதது நான்.

மறுநாள் ஹாலில் பாயைச் சுருட்டிவிட்டு வட்டத்தைப் பூட்டினோம். பூட்டினேன். அவள் ஒரு துண்டை எடுத்தால் "இரு இரு, மூட்டு வளைஞ்சிடும்" என்றேன். எஞ்சினைத் தொட்டால் "கண்ணு, அது பழசு" என்றேன். கன்ட்ரோலரை அவள் கையில் கொடுக்கும்போதே அரை மணி நேரம் ஆகிவிட்டது. திருகை ஒரேயடியாகத் திருப்பினாள், எஞ்சின் பறந்தது, நான் பிடுங்கிக்கொண்டேன். அவள் எழுந்து டிவி பக்கம் போய்விட்டாள். நான் தனியாக அதைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

இரண்டு வாரம் பெட்டி பரணில் கிடந்தது. மறுபடி எடுத்தபோது எஞ்சின் ஓட மறுத்தது. துள்ளும், நிற்கும், விரலால் தள்ளினால் நாலு அங்குலம் போகும். பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து சக்கரத்தில் கரிப்படலமாய் ஒட்டியிருந்தால் மின்சாரம் ஏறாது. படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் டிஷ்யூ பேப்பரை நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, ஒரு ஜோடிச் சக்கரத்தை அதன் மேலும் இன்னொரு ஜோடியை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி மெல்லத் திருகினால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று தானே துடைத்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ள இரண்டு கை, திருக ஒரு கை வேண்டும். "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டேன்.

டிஷ்யூவில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்ததைப் பார்த்து அவள் முகம் மாறியது. "இவ்ளோ அழுக்காப்பா?" அதற்குப் பிறகு என்னை நெருங்கவிடவில்லை. தண்டவாளத்தை அழிரப்பரால் தேய்த்தாள். பெட்டிகளின் சக்கரத்தைக் காது குடையும் பட்ஸால் துடைத்தாள். பழைய நோட்டு ஒன்றில் 'எந்தத் தேதி துடைச்சோம், எவ்வளவு கறுப்பு' என்று எழுத ஆரம்பித்தாள்.

ஒருநாள் "இது எவ்ளோ வேகம் போவுது?" என்று கேட்டாள். வட்டத்தின் ஆரம் 438 மி.மீ., அப்படியென்றால் சுற்றளவு கிட்டத்தட்ட 2.75 மீட்டர். முழு வேகத்தில் ஒரு சுற்றுக்கு 4 விநாடி. அந்த வேகத்தை 76-ஆல் பெருக்கினால் மணிக்கு 188 கி.மீ. வருகிறது! யார்டில் சரக்குப் பெட்டி தள்ளுகிற எஞ்சின், வந்தே பாரத்தின் 160-ஐத் தாண்டி ஓடுகிறது. சிரித்து முடித்துவிட்டு, அப்ப 30 கி.மீ. வேகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகணும் என்று கேட்டாள். 25 விநாடி. இப்போது அதுதான் எங்கள் வீட்டுப் பந்தயம்: நிற்காமல், துள்ளாமல் 25 விநாடியில் ஒரு சுற்று. சக்கரம் சுத்தமாக இல்லையென்றால் அந்த வேகத்தில் நின்றுவிடும். நேற்று வரை அவளுக்கு 23 விநாடி, எனக்கு 17.

உங்கள் வீட்டில் கன்ட்ரோலர் எப்போது கைமாறியது?

ஈரோட்டு அம்மா

எங்கள் வீட்டில் கைமாற ஒன்றுமே இல்லை, ஏனென்றால் வாங்கவே இல்லை. பையன் ஆறாவது படிக்கிறான். நல்ல மாடல் எஞ்சின் ஒன்றின் விலையைப் போனில் காட்டினான், நான் என் சம்பளத்தைக் காட்டினேன். வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. நம்மை மாதிரி ஆட்களுக்கு அதோடு கதவு சாத்தியாயிற்று.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை கை கொடுத்தது. எங்கள் சாதிசனத்தில் பத்திரிகை அடிக்கிற அட்டை சும்மா சொல்லக்கூடாது, பிளைவுட் மாதிரி இருக்கும். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலை வடிவமைப்புப் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245. நிஜத்தில் 87-இல் ஒரு பங்காகச் செய்யலாம் என்று அதை 87-ஆல் வகுத்தால் 24.5 செ.மீ. நீளம், 3.7 செ.மீ. அகலம். வகுத்தது அவன், வெட்டியது நான். பிளேடை மட்டும் அவன் கையில் இன்னும் கொடுக்கவில்லை. ஜன்னலை எண்ணுவதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஈரோடு ஜங்ஷனில் உட்கார்ந்தோம். ஊரிலேயே எலெக்ட்ரிக் லோகோ ஷெட் இருப்பதால் இவனுக்கு எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஹாரன் சத்தத்தை வைத்தே டபிள்யூஏபி-4 வகை எஞ்சினா, 7-ஆ என்று சொல்கிறான். சரியா தப்பா என்று எனக்கெப்படித் தெரியும், ஆமாம் என்றுவிடுவேன்.

சக்கரத்துக்கு முதலில் சட்டைப் பொத்தானை வைத்தோம். வளைவில் எல்லாம் கவிழ்ந்தது. சக்கரத்தின் உள்பக்கம் விளிம்பு இல்லாவிட்டால் தண்டவாளத்தில் நிற்காது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. கடைசியில் இரும்புச் சக்கர ஜோடிகளை மட்டும் காசு கொடுத்து வாங்கினோம். அதற்கே தீபாவளிச் சட்டை ஒன்று குறைந்தது.

சண்டை வந்தது வர்ணத்தில். நான் சின்ன வயதில் ஏறின பெட்டியெல்லாம் அரக்குச் சிவப்பு. அவனுக்கு ரயில் என்றால் நீலம். சரி, ரெண்டையும் செய்து சேர்த்து மாட்டலாம் என்றேன். முறைத்தான். "சிவப்பு வேக்கம் பிரேக்கும்மா, நீலம் ஏர் பிரேக். ரெண்டையும் கோத்தா எப்படி நிக்கும்?" எங்கே படித்தானோ. அட்டையும் ஃபெவிகாலும்தானே, பிரேக்கே கிடையாதே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இப்போது அம்மா வண்டி தனி, பையன் வண்டி தனி. என் சிவப்பு வண்டியில் மூன்று பெட்டி, ஒன்றில் லேடீஸ் என்று எழுதியிருக்கிறேன்.

பின்குறிப்பாக ஒன்று. எல்ஹெச்பி என்கிற நீளமான புது வகைப் பெட்டி செய்கிறவர்கள் கவனிக்கவும். அது 27 செ.மீ. வரும். சின்ன வட்டத்தில் ஓட்டினால் பெட்டியின் மூலை வெளியே நீட்டிக்கொண்டு எதிர்ப்பட்டதையெல்லாம் தட்டிவிடும். எங்கள் வீட்டு பிளாட்பாரமும் அதில் நின்ற இரண்டு பட்டாணிப் பயணிகளும் அப்படித்தான் போனார்கள்.

போத்தனூர்

ஈரோட்டுப் பையன் வகுத்ததைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் அகல ரயில்பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5. அது ஐரோப்பாவின் 1435-க்குப் போட்ட கணக்கு. ஆக நம் ஊர் எஞ்சின் எல்லாம் மாடலில் கொஞ்சம் காலை ஒடுக்கிக்கொண்டுதான் நிற்கிறது. இதை என் மகளிடம் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு! மூன்று நாள் அந்த ரயிலைத் தொடவில்லை, "பொய் ரயில்" என்றாள்.

அவளைத் திரும்பக் கூட்டிவந்தது ஊட்டி ரயில். பலகையைச் சாய்த்து எங்கள் எஞ்சினை ஏற்றிப் பார்த்தோம். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனைக்கு 4 செ.மீ. புத்தகம் வைத்தாலே சக்கரம் வழுக்கியது. ஊட்டிப் பாதையில் மிகச் செங்குத்தான ஏற்றம் கிட்டத்தட்ட 12-க்கு 1, அதாவது எங்கள் பலகைக்கு 8 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். "அப்ப அது மட்டும் எப்படிங்கப்பா ஏறுது?" போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் என்ன தூரமா. டிக்கெட் கிடைத்த வாரம் போய்விட்டோம். கல்லாறு தாண்டியதும் நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஆரம்பிக்கிறது. எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் குன்னூர் வரை ஏறுகிறது. அவளைத் திகைக்க வைத்தது அதுகூட இல்லை, எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளுவது. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கமும் பிரேக்காரர் ஒருவர் கொடியோடு நிற்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் எஞ்சினைக் கடைசியில் மாட்டினாள். முதல் பெட்டியில் தீக்குச்சியில் ஒரு பிரேக்காரரைச் செய்து ஒட்டியிருக்கிறாள். பலகையில் இன்னும் ஏறவில்லை. பல்லுக்கு என் பழைய சட்டையின் ஜிப் சரிவருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். சரிவராது, நான் சொல்லப்போவதில்லை.

ஸ்டுட்கார்ட் யாழ்ப்பாணத்தான்

வணக்கம். நாங்கள் இருக்கிறது ஜெர்மனியிலை. விளையாட்டு ரயில் செய்யிற மெர்க்லின் கொம்பனி 1859-இலை தொடங்கின கெப்பிங்கன் எங்களுக்குப் பக்கத்து ஊர். இஞ்ச பழஞ்சாமான் சந்தையிலை தாத்தாமாரின்ர ரயில் பெட்டியள் காய்கறி மாதிரிக் குவிஞ்சு கிடக்கும். என்ர மகனுக்கு ஒன்பது வயதிலை ஒரு பழைய மெர்க்லின் தகரத் தண்டவாளமும் எஞ்சினும் வாங்கினன். பிறகு வேற கொம்பனி எஞ்சின் ஒண்டு மலிவாக் கிடைச்சுது எண்டு அதையும் வாங்கிக்கொண்டு வந்து வைச்சால், அசையேல்லை. பிழை என்ரதான். மற்ற ஆக்களின்ர எஞ்சின் ரெண்டு தண்டவாளத்திலையிருந்தும் டிசி கரண்ட் எடுக்கும். மெர்க்லின் நடுவிலை இருக்கிற தொடுபுள்ளியளாலை ஏசி எடுக்கும். அதை எனக்கு விளங்கப்படுத்தினது ஒன்பது வயதுப் பெடியன். அண்டைக்கே கன்ட்ரோலர் கைமாறீட்டுது.

அவனுக்குப் பன்னிரண்டு வயதிலை ஒருநாள் கேட்டான், "அப்பா, நீங்கள் சின்னனிலை எந்தக் கோச்சியிலை போனனீங்கள்?" யாழ்தேவி எண்டன், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடின ரயில். 1990-இலை போராலை அது நிண்டுபோனபோது எனக்குப் பதினொரு வயது. அதுக்கு முதல் அம்மாவோடை கொழும்புக்குப் போனது, ஆனையிறவிலை ரெண்டு பக்கமும் தண்ணி, உப்பு வாடை, யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது, இவ்வளவுதான் என்னட்டை இருக்கு. அவன் கொப்பியிலை எழுதிக்கொண்டான். அடுத்த கிழமை ரெண்டு பழைய ஜெர்மன் பெட்டிக்குச் செங்கபிலம் அடிச்சு வைச்சிருந்தான். 'யாழ்ப்பாணம்' எண்டு மூண்டு மொழியிலையும் ஒரு பலகை. தமிழ் எழுத்தை மட்டும் என்னட்டைக் காட்டி எழுதுவிச்சான். 'ழ்'-இலை புள்ளி பெரிசாப் போச்சு, அப்பிடியே விட்டிட்டம்.

ஸ்டேசனுக்குப் பக்கத்திலை பனை வைச்சான், எட்டு சென்ரிமீற்றர். "உது பனையே? உது வடலி!" எண்டன். இருபது மீற்றர்ப் பனையை 87-ஆலை வகுத்தால் 23 சென்ரிமீற்றர் வரும். அவன் நம்பேல்லை, அவ்வளவு உயரமாய் ஒரு மரம் ஸ்டேசனுக்கு மேலை நிண்டால் வடிவில்லையாம்.

2014 அக்டோபரிலை யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. எங்களுக்குப் போகக் கிடைச்சது போன வருசம்தான். ஆனையிறவிலை நான் தண்ணியைப் பாத்துக்கொண்டு நிண்டன். அவன் மற்றப் பக்க யன்னலாலை பனையைப் பாத்துக்கொண்டு வந்தான். திரும்பி வந்து எட்டு சென்ரிமீற்றர் மரங்களைக் கழட்டினான். என்னோடை அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

மதுரை

என் வீட்டில் ஓட்டுகிறவர்கள் மகனும் அண்ணன் மகனும். ஆளுக்கொரு பேட்டரி ரயில், ஒரே ஒரு பிளாஸ்டிக் பாதை. இரண்டு பக்கமிருந்தும் விட்டு மோதவைப்பதுதான் ஆட்டமே. என் அப்பா ஓய்வுபெற்ற டிரைவர். இப்போது லோகோ பைலட் என்று சொல்ல வேண்டுமாம், அவர் சிரிப்பார். ஒருநாள் பிள்ளைகள் மோதவிட்ட சத்தத்தில் எழுந்து வந்தவர், இரண்டு ரயிலையும் கையில் எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். திட்டவில்லை. சாப்பிடவும் வரவில்லை. பையன்கள் பயந்துபோனார்கள், உண்மையில் நானும்தான்.

மறுநாள் காலையில் ஒரு பிரம்பு வளையம், அதில் அம்மா தைத்த துணிப்பை, பைக்குள் பழைய பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு. ஒற்றைப் பாதை நாட்களின் டோக்கன். அந்தக் குண்டு டிரைவர் கைக்கு வந்தால்தான் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்கலாம். இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் ஒன்றோடொன்று பூட்டியிருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான் வெளியே வரும். எதிரே இன்னொருத்தன் வரவே முடியாது. இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சோபா பக்கம் சோழவந்தான், ஜன்னல் பக்கம் கொடைரோடு என்று பெயர் வைத்தார். ஓடும் ரயிலிலிருந்து வளையத்தைக் கையில் வாங்குவது எப்படி என்று ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தே காட்டினார். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி.

மோதல் நின்றுவிட்டதா என்றால் இல்லை. தாத்தா தூங்கும்போது நடக்கிறது. ஆனால் அப்போதும் வளையத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் மோதவிடுகிறார்கள்.

வில்லிவாக்கம் அப்பா

மதுரைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பிரம்பு வளையத்தின் விட்டம் எவ்வளவு என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? கேட்பது நான் இல்லை. நோட்டில் படம் வரைந்து, அளவு எழுதும் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள். குண்டுக்குக் கோலி போதும் என்றேன், இரும்புதான் வேண்டுமாம். மெக்கானிக் கடைக்கு இன்று சாயங்காலம் போகிறோம்.